பழைய வேனின் சைலன்சர் பைப்பைத் தாங்கும் பிராக்கெட் எல்லாமே தேவையா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். 1990களில் வந்த டொல்பின் (டொயோட்டா ஹையேஸ்) வேன், டீசல் எஞ்சின். காலையும் பின்னேரமும் தோட்டத்துப் பிள்ளைகளை ஹட்டனில் உள்ள பாடசாலைக்கு ஏற்றி இறக்குகிறீர்கள், சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிக்கு ஹயரும் போகிறீர்கள். சைலன்சர் உக்கிப்போனதால் கராஜில் விட்டு, உள்ளூரில் செய்த புது சைலன்சர் போட்டு எடுத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து கீழே படுத்துப் பார்த்தால், முன்பு ஐந்து இடத்தில் பிடித்திருந்த பைப் இப்போது மூன்று இடத்தில்தான் பிடித்திருக்கிறது. கியர் பொக்ஸ் பக்கம் இருந்த இரும்புப் பிராக்கெட்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். நடுவில் வேனின் பொடியில் (உடற்பகுதியில்) உள்ள கொக்கி ரப்பர் இல்லாமல் சும்மா இருக்கிறது. கேட்டதற்கு, "அதெல்லாம் ஜப்பான்காரன் மேலதிகமாகப் போட்டது, இங்கே தேவையில்லை" என்று கராஜ் பாஸ் (மேஸ்திரி) சொல்லியிருக்கிறார். எல்லாப் பிராக்கெட்டும் கட்டாயம் வேண்டுமா என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இப்படியே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடலாமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். கியர் பொக்ஸ் பிராக்கெட் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் நாளைக்கே பைப் கழன்று வீதியில் விழுந்துவிடாது, ஆனால் இந்த வாரத்துக்குள் திரும்பப் போட்டுவிடுங்கள். அதுவரை மெனிபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்துப் பைப்புக்கு அனுப்பும் பாகம்) பக்கம் புகை கசிகிறதா என்று ஒவ்வொரு நாளும் காலையில் பாருங்கள். கசிவு இருந்தால் ஒரு பிள்ளையைக்கூட ஏற்ற வேண்டாம். நடுக் கொக்கி பற்றி இங்கிருந்து முடிவு சொல்ல முடியாது. அதை எப்படி நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று கீழே எழுதுகிறேன்.

நான் ஹட்டன், நுவரெலியா பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக வேன், லொறிகளின் அடியில் படுத்து வேலை செய்கிறவன். முதலில் ஒரு கராஜில் கையாளாக நின்று பழகினேன், முறையாகப் படித்தது அதற்குப் பிறகு. உங்கள் வேனை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் எந்த வேனுக்கும் பொருந்துவது எது, உங்கள் வேனின் கீழே போய்ப் பார்த்தால்தான் தெரிவது எது என்று பிரித்தே சொல்லப் பார்க்கிறேன்.

எஞ்சினும் கியர் பொக்ஸும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டார்ட் பண்ணும்போதும் நிறுத்தும்போதும் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டம் பொடிக்குப் போகாமல் இருக்கத்தான் அந்த ரப்பர். சைலன்சர் பைப் மட்டும் இந்த இரண்டையும் தொட்டுக்கொண்டு இருக்கிறது. அதன் தலை மெனிபோல்டில் பூட்டியிருப்பதால் எஞ்சினோடு சேர்ந்து ஆடுகிறது. வால் பொடியில் தொங்குகிறது. ஆகவே பிராக்கெட் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும், அதில் இரண்டு வகை உண்டு. முன்னால் கியர் பொக்ஸில் பூட்டுவது விறைப்பான இரும்பு. பைப்பின் முன்பகுதி எஞ்சினோடு ஒரே கட்டியாக ஆட வேண்டும் என்பதற்காக அது. பின்னால் பொடியிலிருந்து தொங்குவதெல்லாம் ரப்பர் வழியாகத் தொங்கும். எஞ்சின் ஆடினாலும் பொடி அசையாமல் இருக்கட்டும் என்பதற்காக அது. இந்த இரண்டில் ஒன்று செய்ய வேண்டிய வேலையை மற்றதால் செய்ய முடியாது. பின்னால் எத்தனை ரப்பர் கூட்டிப் போட்டாலும் முன்னால் வெட்டியெடுத்த பிராக்கெட்டுக்கு அது ஈடாகாது.

நம் மலைப்பக்கத்தில் இந்த முன் பிராக்கெட்டுக்கு வேலை இன்னும் கூடுதல். டொல்பின் போல எஞ்சினை நீளவாக்கில் வைத்துப் பின்சக்கரத்தைச் சுழற்றும் வேன்களில், கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுழற்றுகிற அதே முறுக்கு எதிர்த்திசையில் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒரு பக்கமாகச் சரிக்கப் பார்க்கும். நாலாம் கியர் நேரடி கியர், எஞ்சினின் முறுக்கு அப்படியே ஷாஃப்ட்டுக்குப் போகிறது. ஒன்றாம் கியரில் அது ஏறக்குறைய நாலு மடங்காகிறது, எஞ்சினைச் சரிக்கிற விசையும் அதே நாலு மடங்கு. நீர்கொழும்புப் பக்கம் சம வீதியில் ஓடுகிற வேன் ஒன்றாம் கியரில் சில விநாடிதான் நிற்கும். தோட்டத்து டிவிசன் பாதையில் பிள்ளைகளை நிறைத்துக்கொண்டு ஏறுகிற உங்கள் வேன் ஒன்றாம் கியரிலேயே நிமிடக்கணக்கில் போகும், நடுவில் கல்லும் பள்ளமும் வேறு. ஜப்பான்காரன் மேலதிகமாகப் போட்டான் என்பதை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுடைய வீதிக்கே அந்தப் பிராக்கெட் தேவைப்பட்டிருந்தால், நம் பாதைக்கு அதைவிடத் தேவை.

அது இல்லாதபோது நடப்பது இதுதான். முன் பைப் மெனிபோல்டிலிருந்து கீழே இறங்கிப் பின்னால் திரும்பி நீளமாகப் போகிறது. கியர் பொக்ஸில் பிடி இல்லையென்றால், அந்த நீளமும் எடையும் பைப்பை மெனிபோல்டோடு பூட்டுகிற ஸ்டட்டுகளில் (திருகாணிகளில்) தான் தொங்கும். நீளமான கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஆட்டினால் பிடித்த கையில் எவ்வளவு வலி வரும் என்று நினைத்துப் பாருங்கள். வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஸ்டட்டுகளுக்கு அந்த வலிதான். முதலில் நட் இளகும், அடுத்து கேஸ்கட் ஊதும், பிறகு ஸ்டட் முறியும். மெனிபோல்ட் வார்ப்பிரும்பு. அது சூடேறி ஆறுவதைத் தாங்கும், பக்கவாட்டு இழுவையை அவ்வளவாகத் தாங்காது. வெடித்தால் வெல்டிங் பண்ணியும் பெரும்பாலும் நிற்காது.

சில வருடங்களுக்கு முன் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து இதே மாதிரி ஒரு வேன் என்னிடம் வந்தது. சம பாதையில் சத்தமே இல்லை, மலை ஏறும்போது மட்டும் முன் சீட்டுக்குக் கீழே டப் டப் என்று அடிக்கிறது என்றார் ஓட்டுகிறவர். கீழே பார்த்தால் மூன்று ஸ்டட்டில் இரண்டு முறிந்து, மிச்சம் இருந்த ஒன்றில் பைப் தொங்கிக்கொண்டிருந்தது. பல மாதங்களுக்கு முன் ஒரு கராஜில் கிளட்ச் வேலைக்காக கியர் பொக்ஸை இறக்கியபோது அந்தப் பிராக்கெட்டைக் கழற்றி, திரும்பப் போடாமலே விட்டிருக்கிறார்கள். மெனிபோல்டைக் கழற்றி, முறிந்த ஸ்டட்டுகளைத் துளைத்து எடுத்து, புதிதாகப் போட்டு முடிக்க எனக்கு இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளும் அவருக்கு ஓட்டம் இல்லை. பிராக்கெட் இல்லாதது மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஸ்டட்டும் பழசு, எஞ்சின் மவுண்ட் ஒன்றும் தளர்ந்திருந்தது. ஆனால் பிராக்கெட் இருந்திருந்தால் அந்தப் பழைய ஸ்டட்டுகள் அவ்வளவு சுமையைத் தாங்க வேண்டி வந்திருக்காது.

இப்போது ரப்பரில் தொங்குகிற பின்பகுதிக்கு வருவோம். இங்கே நிறையப் பேர் தலைகீழான தவறைச் செய்கிறார்கள். ரப்பர் கிடைக்கவில்லை, அடிக்கடி அறுகிறது என்று பைப்பையும் சேஸியையும் இரும்புப் பட்டையால் நேராகச் சேர்த்து வெல்டிங் பண்ணிவிடுவார்கள். பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் இரும்பு சூடேறினால் நீளும். ஒரு மீட்டர் இரும்பு, ஒரு பாகை செல்சியஸ் சூட்டுக்கு ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் நீளும். மூன்று மீட்டர் பைப் சராசரியாக 250 பாகை சூடேறியது என்று வைத்தால் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். ஒரு சின்ன விரலின் பருமன் அளவுக்கு அந்தப் பைப் ஒவ்வொரு ஓட்டத்திலும் நீண்டு, நிறுத்தியதும் சுருங்குகிறது. ரப்பர் இருந்தால் அது சாய்ந்து இடம் கொடுக்கும். விறைப்பாகப் பூட்டினால் பைப் எங்காவது இடம் தேடும், பெரும்பாலும் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். அத்தோடு எஞ்சின் ஆட்டம் முழுவதும் தரைத் தகட்டுக்கு ஏறி வேனுக்குள் உறுமல் கேட்கும். பொடியிலிருந்து விறைப்பாகப் போட்ட பிராக்கெட்டைவிட அந்த இடத்தில் பிராக்கெட் இல்லாமல் இருப்பதே மேல் என்று சொல்லக்கூடிய சந்தர்ப்பங்கள் உண்டு.

நடுக் கொக்கியைப் பற்றி. ஒரு கொக்கியை எடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பிடிகளுக்கு இடையே தூரம் கூடுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் பைப்பின் சொந்த எடையால் அதை வளைக்கிற விசை நாலு மடங்காகும், தொய்வு பதினாறு மடங்காகும். அதிலும் கவலையானது அதிர்வு. அதே பைப் இரட்டிப்பு நீளத்துக்குத் தொங்கினால், அது தானாக அதிரும் வேகம் நாலில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நாலு சிலிண்டர் எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்றுச் சுற்றினால் விநாடிக்கு 25 தடவை வெடிக்கிறது. பைப்பின் அதிர்வு அந்த 25க்குக் கிட்ட வந்துவிட்டால், ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல எஞ்சின் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேன் நின்றபடி இருக்கையில் தரை உறுமி, ஆக்சிலேட்டரை மிதித்ததும் அடங்கிப் போனால், அநேகமாக இதுதான் நடக்கிறது. உங்கள் நடுக் கொக்கிக்கு இரு பக்கமும் உள்ள பிடிகள் கிட்டக் கிட்ட இருந்தால் ஆபத்து இல்லாமல் சில வாரம் ஓடலாம். அந்த இடைவெளிக்குள் சைலன்சரின் எடையும் தொங்குகிறது என்றால், அல்லது பைப்பில் ஒரு ஜொயின்ட் இருக்கிறது என்றால், விடக் கூடாது.

இனி, உண்மையிலேயே தேவையில்லாத பிராக்கெட் என்று ஒன்று உண்டா என்றால், உண்டு. ஒரே பொடியை வேறு வேறு எஞ்சினுக்கும், நீள வேனுக்கும் குட்டை வேனுக்கும் கம்பனிகள் பாவிக்கின்றன. அதனால் உங்கள் வேனில் எப்போதுமே பாவிக்காத கொக்கியும் துளையும் பொடியில் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கொக்கியின் உள்வளைவை, ரப்பர் உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் ரப்பர் தொங்கியிருந்தால் அந்த இடம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும், சில வேளை ஒரு தடமே விழுந்திருக்கும். கம்பனி பெயின்டும் கீழ்ப்பூச்சும் கலையாமல் மற்ற இடம் மாதிரியே இருந்தால், அந்தக் கொக்கி பிறந்ததிலிருந்தே வேலை செய்யாதது, விட்டுவிடலாம். நீங்கள் ஐந்து இடத்தில் பிடித்திருந்தது என்று உறுதியாக எழுதியிருப்பதால் உங்கள் நடுக் கொக்கி அப்படிப்பட்டதாக இருக்காது என்றே நினைக்கிறேன், இருந்தாலும் ஒரு தரம் துடைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, புது சைலன்சரில் அந்த இடத்தில் ரப்பரை மாட்டும் கம்பி இல்லை என்பதால் கொக்கி தேவையில்லாமல் போய்விடாது. உள்ளூரில் தகடு மடித்துச் செய்கிற சைலன்சரில் கம்பியின் இடம் கொஞ்சம் முன்பின்னாக இருப்பது வழக்கம். நீளமும் எடையும்கூட மாறும். நான் அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை, நன்றாகச் செய்கிறவர்கள் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இருக்கிறார்கள், ஒரிஜினலைவிடத் தடித்த தகட்டில் செய்து கொடுப்பார்கள். ஆனால் எடை கூடினால் பிடியும் எடைக்குக் கிட்ட வர வேண்டும். சைலன்சரின் முன்முனைக்குப் பக்கத்தில் ஒன்றும் பின்முனைக்குப் பக்கத்தில் ஒன்றும் இருந்தால், அது தன் எடையை மற்ற எந்த ஜொயின்டுக்கும் கொடுக்காமல் தானே தொங்கும். உங்கள் வேனில் மிச்சம் இருக்கிற மூன்று பிடியில் குறைந்தது இரண்டு இப்படிச் சைலன்சரின் இரு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வால் பக்கத்துப் பிடியைப் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை, எடை அங்கே குறைவு என்பதால். ஆனால் பிள்ளைகளை ஏற்றுகிற வேனில் எனக்கு அதுவும் முக்கியம். வால் பைப் தொய்ந்து உள்ளே போனால் புகை பம்பருக்கு வெளியே போகாமல் தரைக்குக் கீழே சுழலும். ஓடுகிற வேனின் பின்பக்கம் காற்று உள்ளே இழுக்கும், பின் கதவின் ரப்பர் பழசாக இருந்தால் புகையும் சேர்ந்து வரும். டீசல் புகையில் காபனோரொட்சைட்டு பெற்றோல் புகையைவிடக் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை, இன்ஜெக்டர் சரியில்லாத எஞ்சின் கரும்புகை தள்ளிக்கொண்டு மலை ஏறும்போது அது கூடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டுகிற இடத்தில் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். நம் பக்கத்தில் காலைக் குளிருக்கும் மழைக்கும் கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டுத்தான் ஓடுகிறோம். பிள்ளை வாந்தி எடுத்தால் வளைவுதான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அதுதான் உண்மையும். ஆனால் பல பிள்ளைகளுக்கு ஒரே நேரம் தலைவலி, பின் சீட்டில் இருப்பவர்களுக்கு அது கூடுதல், கண்ணாடியைத் திறந்தால் குறைகிறது என்றால், அன்றைக்கே வேனை நிறுத்திக் கீழே பாருங்கள். பெற்றோல் டவுன்ஏஸ், லைட்ஏஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வருடா வருடம் புகைப் பரிசோதனை பாஸ் ஆகிறதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். டீசல் வண்டிக்கு அங்கே அளப்பது புகையின் அடர்த்தி. பிராக்கெட் இருக்கிறதா, ஸ்டட் இளகியிருக்கிறதா என்பதை அந்தக் கருவி சொல்லாது.

ரப்பர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். டியூப் வெட்டிக் கட்டுவது, பழைய டயர்ப் பட்டை போடுவது எல்லாம் நம் ஊரில் நடக்கிறது. சைலன்சருக்குப் பின்னால், சூடு குறைந்த இடத்தில், தடித்த டயர்ப் பட்டை ஓரளவு நிற்கும். டியூப் நிற்காது, சில நாளில் வெந்து அறுந்துவிடும். கம்பி வழியில் உதவும். நானும் வண்டியில் ஒரு சுருள் கம்பி வைத்திருக்கிறேன், ரம்பொடை ஏற்றத்தில் இரவு நேரம் பைப் கழன்றால் வேறு வழி இல்லை. ஆனால் அது டவுன் வரை வந்து சேரத்தான். கம்பி இடம் கொடுக்காது, பைப்பையும் கொக்கியையும் அரம் மாதிரி அறுத்துக்கொண்டே இருக்கும். கம்பியோடு மாதக்கணக்கில் ஓடுகிற வேன்களைப் பார்க்கும்போது எனக்கு மனது பொறுக்காது. முன்பக்கத்துப் பைப் ஒன்று வீதியில் ஊன்றினால் வேனைத் தூக்கிவிடும், பின்பக்கம் விழுந்தால் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு ஆபத்து.

பிராக்கெட்டைத் திரும்ப வெல்டிங் பண்ணுவதற்கு முன் பைப் எந்த நிலையில் இருக்கிறது என்று தட்டிப் பாருங்கள். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் பைப் வழியே போகிறது. நீண்ட ஓட்டத்தில் அது வெளியே போய்விடும். காலைக் குளிரில் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து நிறுத்திவிடுகிற வேனில் சைலன்சர் முழுதாகச் சூடேறாது, தண்ணீர் உள்ளேயே தங்கும். டீசலில் உள்ள கந்தகமும் சேர்ந்தால் அது அமிலம். அதனால் ஸ்கூல் வேன்களின் பைப் உள்ளிருந்துதான் உக்குகிறது, வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். ஸ்பேனரால் தட்டும்போது கணீர் என்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் அந்த இடத்தில் பிராக்கெட்டை ஒட்டுவது வீண். நல்ல இரும்பு இருக்கும் இடம் வரை வெட்டிப் புதுத் துண்டு சேர்த்த பிறகே ஒட்ட வேண்டும்.

கியர் பொக்ஸ் பிராக்கெட்டுக்கு ஒரிஜினல் தேடுவதென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், டொல்பின் சாமான் இன்னும் வருகிறது. கிடைக்காவிட்டால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் பட்டை இரும்பில் செய்துகொள்ளலாம், கஷ்டமான வேலை இல்லை. அதில் ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. பைப்பை மெனிபோல்டில் இருந்து கடைசிப் பிடி வரை எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, எங்கேயும் இழுக்காமல் தானாகத் தொங்க விட வேண்டும். பிறகு முன்னிருந்து பின்னுக்கு இறுக்கிக்கொண்டு வர வேண்டும். கியர் பொக்ஸ் பிராக்கெட், பைப் நிற்கிற இடத்துக்குத் தானாக வந்து பொருந்த வேண்டும். போல்ட்டை இறுக்க இறுக்கப் பைப் அந்தப் பக்கம் இழுபட்டால் அந்தப் பிராக்கெட் அளவு பிழை. அப்படி இழுத்துப் பூட்டினால் பிராக்கெட் இல்லாததைவிடச் சீக்கிரம் ஸ்டட் முறியும். வெல்டிங் தொடங்கு முன் பட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓல்டர்னேட்டர் போக இடமுண்டு. டீசல் தாங்கிக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் கிட்ட என்றால், பைப்பைக் கழற்றி வெளியே வைத்துத்தான் பற்ற வைக்க வேண்டும்.

இறுக்கிய பிறகு, வேனில் ஆட்களை நிறைத்து உட்கார வைத்து ஒரு தரம் கீழே பாருங்கள். வெறும் வேனில் சரியாக இருக்கிற பைப், சுமை ஏறினதும் பின் அச்சுக்கு மேல் முட்டலாம். புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், டீசல் தாங்கி இவற்றிலிருந்து குறைந்தது இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பிரேக் குழாய்க்குப் பக்கத்தில் சூடான பைப் உரசிக்கொண்டு, நுவரெலியாவிலிருந்து கீழே இறங்குகிற வண்டியை நினைத்துப் பாருங்கள்.

பழைய பிராக்கெட் வெட்டப்பட்ட இடத்தில் முன்பே வெடிப்பு இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள். பிராக்கெட் தானாக உடைந்திருந்தால், புதுசு போட்டாலும் அதே இடத்தில் உடையும், ஏனென்றால் எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருக்கலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, நியூட்ரலில் வைத்து ஒருவர் ஆக்சிலேட்டரைச் சடாரென்று மிதித்து விடட்டும். எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கி விழுந்தால் மவுண்ட் மாற்ற வேண்டும். டொல்பினில் சீட்டைத் தூக்கினாலே இதைப் பார்க்கலாம்.

பாஸோடு சண்டை போட வேண்டாம். முப்பது வருடத் துரு ஏறிய போல்ட், கழற்றப் போனால் கியர் பொக்ஸ் உறைக்குள்ளேயே முறியும் என்று பயந்து வெட்டியிருப்பார். நானும் அப்படி வெட்டியிருக்கிறேன், வெட்டிய பிறகு புதிதாகச் செய்து போட வேண்டும் என்பதுதான் வித்தியாசம். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை புது வேன் வராததால், கைவிட்டிருக்க வேண்டிய வேன்களையும் நாம் எல்லோரும் ஓட்டிச் சமாளித்தோம், கராஜ்களும் கிடைத்ததை வைத்துச் சமாளித்துப் பழகிவிட்டன. "கியர் பொக்ஸ் பிராக்கெட்டைச் செய்து போட்டுத் தாருங்கள், கூலி தருகிறேன்" என்று நேராகக் கேளுங்கள். செய்து தருவார். போல்ட் உறைக்குள் முறிந்து கிடக்கிறது என்றால், அதே உறையில் பக்கத்துப் போல்ட் ஒன்றிலிருந்து பிராக்கெட்டை நீட்டிப் பிடிக்க முடியும்.

போட்ட பிறகு ஒரு வாரம் ஓடிவிட்டு, எஞ்சின் நன்றாக ஆறிய நேரம் மெனிபோல்ட் நட்டுகளையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் ஒரு தரம் இறுக்கிப் பாருங்கள். புது கேஸ்கட் சூட்டில் அமர்ந்து கொஞ்சம் இளகியிருக்கும். கீழே போவதென்றால் ஜக்கை மட்டும் நம்பிப் போக வேண்டாம், சம தரையில் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கல் போட்டுவிட்டுப் போங்கள்.